பிள்ளைகளைக் கட்டிவைக்கும் நாற்காலிகள்: தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பள்ளிக்கல்வித் துறைச் செயலாளர், மாற்றுத்திறனாளிகள் நலத் துறைச் செயலாளர், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தெரபி மையத்திலோ ஒரு பிள்ளையைப் பெரியவர்கள் அமுக்கிப் பிடிப்பது, நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவது, தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது ஆகியவற்றில் எது எந்த நிலையில் அனுமதிக்கப்படும், எது ஒருபோதும் அனுமதிக்கப்படாது, நடந்துவிட்டால் யாருக்கு எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதை வகுத்துச் சொல்லும் தனி விதி ஒன்றைத் தமிழ்நாடு அரசு கொண்டுவர வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். அடிப்பதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. அதைப் பற்றிச் சுற்றறிக்கைகளும் வந்திருக்கின்றன. அடிக்காமல் அடக்கிவைப்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நான் ஆட்டிசம் உள்ள 16 வயது மகனின் தாய். அவனுக்குப் பேச்சு வராது. வேண்டும், வேண்டாம், வலிக்கிறது என்பவற்றைப் படங்களைத் தொட்டுக் காட்டிச் சொல்வான். அவனுடைய சிறுவயது முழுவதும் தெரபி மையங்களின் வராந்தாக்களில் மற்றத் தாய்மார்களோடு காத்திருந்தவள் என்ற முறையில், அங்கே உள்ளே நடப்பதில் ஒன்றை உங்களுக்கு விவரிக்க விரும்புகிறேன். மரத்தால் செய்த சிறு நாற்காலி ஒன்று இருக்கும். அதன் முதுகு சுவரை ஒட்டியிருக்கும். முன்னால் வயிறு பொருந்துமாறு அரைவட்டமாக வெட்டிய மேசைப் பலகை. பிள்ளையை உட்காரவைத்துப் பலகையை உள்ளே தள்ளிவிட்டால் அவனால் எழுந்திருக்க முடியாது. பலகை இல்லாத இடங்களில் ஒரு துப்பட்டா போதும்: இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோய் நாற்காலியின் பின்னால் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "சிட்டிங் வரணும்லம்மா, சிட்டிங் வந்தாத்தானே ஸ்கூல்ல சேர்ப்பாங்க" என்பார்கள். என் மகனுக்கு அப்போது 5 வயது. ஒரு நாள் மாலை குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியபோது அவன் இடுப்பைச் சுற்றிச் சிவந்த கோடு ஒன்று இருந்தது. மறுநாள் கேட்டபோது யாரும் மறுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அவர்கள் அதை ஒரு பயிற்சி என்றே உண்மையாக நம்பினார்கள்.

இதில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்புப் பட்டையும் மார்புப் பட்டையும் உள்ள நாற்காலி உண்மையாகவே தேவைப்படுகிறது. அந்தப் பட்டை அவர்களுடைய உடம்பை நிமிர்த்தித் தாங்கி, கைகளை விடுவித்து, சாப்பிடவும் எழுதவும் சுற்றிலும் பார்க்கவும் வழிசெய்கிறது. இயன்முறை மருத்துவரோ செயல்முறை மருத்துவரோ அளவெடுத்து, காரணத்தை எழுதிப் பரிந்துரைக்கும் உபகரணம் அது. அதே நாற்காலியில், ஓடியாடி நடக்கக்கூடிய பிள்ளையை அவன் எழுந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பூட்டிவைத்தால், அங்கே நடப்பது சிகிச்சையாகாது. இந்த வேறுபாட்டை எந்த விதியும் இன்று எழுத்தில் சொல்லாததால்தான் ஒன்றின் பெயரில் மற்றொன்று நடக்கிறது, ஆய்வுக்கு வரும் அலுவலரின் கண்ணிலும் அது உறுத்துவதில்லை.

இதைத் தடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், பிள்ளையை வகுப்பறையிலோ கழிப்பறையிலோ வேறு மூடிய இடத்திலோ அடைத்துவைப்பதையும் தண்டனையின் வகைகளில் சேர்த்திருக்கின்றன. அவற்றைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 75ஆம் பிரிவு, குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள நிறுவனத்தின் ஊழியர் கொடுமை இழைத்தால் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தன் 3ஆம் பிரிவிலேயே, இயலாமை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி எவருடைய தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறது.

இவையெல்லாம் தண்டனை, கொடுமை என்ற நோக்கங்களைத் தேடுகின்றன. நாற்காலியில் கட்டும் ஆசிரியை தண்டிக்கவில்லை. பயிற்சி தருகிறார் அல்லது பாதுகாக்கிறார். அவரை அப்படித்தான் நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். ஆகவே அவர் செய்வது 17ஆம் பிரிவுக்குள் வராது என்று அவரும் நினைக்கிறார், நிர்வாகமும் நினைக்கிறது, பெற்றோரும் நினைக்கிறோம். போதாக்குறைக்கு, சேர்க்கையின்போது நீட்டப்படும் படிவத்தில், "என் பிள்ளையின் பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் தேவையான நடவடிக்கைகளை எடுக்கச் சம்மதிக்கிறேன்" என்பது போன்ற ஒரு வரி இருக்கும். ஏழெட்டுப் பள்ளிகளில் "இங்கே வசதி இல்லை" என்று கேட்டுவிட்டு வந்து நிற்கும் தாய், அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுப்பாள் என்றா எதிர்பார்க்கிறீர்கள்? 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்த செயல் குற்றமாகாது என்ற பொது விதிவிலக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் இருந்து இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவுக்கு அப்படியே வந்திருக்கிறது. எங்களுடைய கையெழுத்து எதற்கெல்லாம் கேடயமாகக் கூடும் என்பது போடும் நேரத்தில் எங்களுக்குத் தெரிவதில்லை.

கட்டிவைப்பதன் விலை என்ன என்பதை இந்த மாநிலத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. பல ஆண்டுகள் கழித்து வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளி எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவில் அடியோடு தடைசெய்தது. 97ஆம் பிரிவில் தனிமைச் சிறையைத் தடைசெய்ததோடு, உடலைக் கட்டுப்படுத்துவதற்குக் கடுமையான வரம்புகளையும் விதித்தது.

அந்த 97ஆம் பிரிவை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். நோயாளிக்கோ மற்றவருக்கோ உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் ஒப்புதலுடன் மட்டும், அந்த ஆபத்து நீங்கும் வரை மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம். எந்த முறையில், என்ன காரணத்துக்காக, எவ்வளவு நேரம் என்பதை உடனே மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். தண்டனையாகவோ அச்சுறுத்தலாகவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டவும் கூடாது. நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

மனநல மருத்துவமனையில் உள்ள வளர்ந்த மனிதருக்கு இத்தனை பாதுகாப்பு. என் மகனுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. பள்ளி ஒரு மனநல நிறுவனமாகாது. தவிரவும், அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறையில் இருந்து அந்தச் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது. அந்த விலக்கு சரியானதுதான், எங்கள் பிள்ளைகள் மனநோயாளிகள் ஆக மாட்டார்கள். ஆனால் அதன் விளைவாக, இந்த மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையின் வார்டில் செய்யத் துணியாததை ஒரு வகுப்பறையில் எந்தப் பதிவும் இல்லாமல் செய்துவிட முடிகிறது. தண்டனைச் சட்டம் முறைகேடாக அடைத்துவைத்தலைக் குற்றம் என்கிறதே என்று கேட்கலாம். பேச்சு வராத 6 வயதுப் பிள்ளை யாரிடம் போய்ப் புகார் சொல்லும்?

அடக்கிப் பிடிப்பது சின்ன விஷயம், சற்று நேரத்தில் பிள்ளை அடங்கிவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. குப்புறப் படுக்கவைத்து முதுகில் பாரத்தைக் கொடுத்தால் மார்பும் வயிறும் விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகக் கூடும். மூச்சுக்காகத் திமிறும் பிள்ளையின் திமிறலை முரண்டு என்று எடுத்துக்கொண்டு மேலும் அழுத்துவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. பேசத் தெரிந்தவர் மூச்சு முட்டுகிறது என்று சொல்ல முயல்வார், எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் இயலாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளில் வலிப்பு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. வலிப்பின் தொடக்கத்தை அடம் என்று நினைத்துக் கைகால்களை இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடங்கிவிட்டான் என்று ஆசுவாசப்படும் அந்த நொடியில்தான் அவன் முகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று நம் ஆசிரியர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

பெரும்பாலான நேரங்களில் அந்த ஆவேசத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் அறிந்த ஒரு சிறுவன் பல வாரங்கள் தன் தாடையில் தானே குத்திக்கொண்டான், கைகளைக் கட்டிவைத்தார்கள். பிறகு பல் மருத்துவர் பார்த்தபோது கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. காலை வணக்கக் கூட்டத்தின் ஒலிபெருக்கி, நீளமாக அடிக்கும் மணி, மதிய உணவு நேரத்தில் நூறு எவர்சில்வர் தட்டுகள் ஒரே நேரத்தில் எழுப்பும் சத்தம் ஆகியவற்றைக் காதைப் பொத்திக்கொண்டு தாங்கப் பார்க்கிற பிள்ளை, தாங்க முடியாத கட்டத்தில் ஓடுகிறான் அல்லது அடிக்கிறான். பருவமடைந்த பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வலியைச் சொல்லத் தெரியாது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைப் படங்களாக வரிசைப்படுத்தி வைப்பது, காதுக்கு மறைப்பு கொடுப்பது, கூட்டத்தில் இருந்து ஐந்து நிமிடம் முன்பே வெளியே அழைத்துப்போவது, விரும்பும்போது போய் உட்கார ஓர் அமைதியான மூலையைக் கதவில்லாமல் ஒதுக்குவது போன்ற வேலைகளில் எதற்கும் பெரிய செலவில்லை. பிள்ளையைக் கவனித்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும், அவ்வளவே.

எனக்கு இன்னொரு அச்சம் உண்டு. அதை எழுதாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. எங்கள் பிள்ளைகளுக்குத் தொடுதல் குறித்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறீர்கள்; போக்சோ சட்டம் பற்றி விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்துகிறீர்கள். விருப்பமில்லாதபோது உடம்பைப் பிறர் பிடித்து அழுத்தலாம், எதிர்த்தால் இன்னும் அழுத்துவார்கள், அசையாமல் கிடந்தால் பாராட்டுவார்கள் என்பதைத் தினமும் கற்றுக்கொள்ளும் ஒரு பெண் பிள்ளை, நாளை தவறான நோக்கத்தோடு நெருங்குபவரை எப்படி மறுப்பாள்?

ஆசிரியர்களுக்கு எதிராக இதை நான் எழுதவில்லை. தன் தலையில் நாற்காலியைத் தூக்கி எறிந்த பிள்ளையின் கையை, மறு கையால் தன் நெற்றியைத் துடைத்தபடியே மென்மையாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் ஆசிரியையை நான் பார்த்திருக்கிறேன். நெடுஞ்சாலைப் பக்கமாக ஓடும் பிள்ளையை எட்டிப் பிடிப்பதை எந்தத் தாயும் குறைசொல்ல மாட்டாள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில், ஒருவரே பல பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் அலைந்து வேலை செய்கிறார்கள். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. அந்த விகிதத்தை நிறைவேற்றாமல், ஒரே ஆயாவும் ஒரே ஆசிரியையும் ஓர் அறை நிறையப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டு, ஏன் கட்டினீர்கள் என்று அவர்களை மட்டும் கேட்பது நியாயமில்லை. ஆள் பற்றாக்குறை காரணமாகாது என்று மனநலச் சட்டம் சொல்வது ஊழியரைப் பார்த்து அல்ல, நிறுவனத்தைப் பார்த்து.

பிற நாடுகளின் அனுபவத்தில் பின்பற்ற வேண்டியதும் உண்டு, தவிர்க்க வேண்டியதும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகச் செயல்படும் தணிக்கை அமைப்பு 2009இல் அளித்த அறிக்கை, பள்ளிகளில் அடக்கிப் பிடித்தும் அடைத்துவைத்தும் நடந்த கொடுமைகள், மரணங்கள் பற்றிய நூற்றுக்கணக்கான குற்றச்சாட்டுகளை வெளிக்கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள். அங்கே நாடு முழுமைக்குமான சட்டம் இன்றுவரை நிறைவேறவில்லை. ஆனால் பள்ளிகள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கின்படி 2017-18 கல்வியாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அடக்கிப் பிடிக்கப்பட்டோ அடைக்கப்பட்டோ இருந்தார்கள். உடலைப் பிடித்து அடக்கப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள், மொத்த மாணவர்களில் அவர்களுடைய பங்கோ 13 விழுக்காடுதான். எண்ணியதால்தான் இந்த அநீதி கண்ணுக்குத் தெரிந்தது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ, காயத்தைத் தடுக்க மட்டுமின்றி வகுப்பின் ஒழுங்கைக் காப்பதற்காகவும் பள்ளி ஊழியர் நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுக்கிறது. அந்த வாசலை நாம் திறக்கவே கூடாது. ஒழுங்கு என்ற சொல்லுக்குள் எதையும் அடக்கிவிடலாம்.

ஆகவே நான் கேட்பது இது. கயிறு, துப்பட்டா, பட்டை, பூட்டிய பலகை என எதைக் கொண்டும் ஒரு பிள்ளையைக் கட்டுவதையும், குப்புறக் கிடத்தி அழுத்துவதையும், கழுத்திலோ மார்பிலோ முதுகிலோ பாரம் வைப்பதையும், வெளியே வர முடியாத அறையில் தனியாக அடைப்பதையும், அமைதிப்படுத்தும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுப்பதையும், காரணம் எதுவானாலும், அறவே தடைசெய்யுங்கள். மருத்துவ வல்லுநர் எழுத்துமூலம் பரிந்துரைத்த தாங்கு நாற்காலிக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும். அந்தப் பரிந்துரையில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதும், எப்போது மறுஆய்வு என்பதும் இருக்க வேண்டும். உடனடி ஆபத்தைத் தடுக்கக் கையால் பிடிப்பது ஒன்றே அனுமதிக்கப்பட வேண்டும், அதுவும் ஆபத்து நீங்கும் நொடிவரை மட்டும். அப்படிப் பிடிக்க நேர்ந்தால் அன்று மாலை பிள்ளை வீட்டுக்குப் போகும் முன் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்; என்ன நடந்தது, முன்னால் என்ன நடந்தது, யார் பிடித்தார்கள், எவ்வளவு நேரம் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு இரண்டாம் முறை நேர்ந்தால், பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் உட்கார்ந்து காரணத்தைத் தேட வேண்டும்.

பதிவுக்குப் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் என்ற இணையப் பதிவுத் தளத்தில் வருகையில் இருந்து சீருடை வரை பதிவாகும்போது இதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம். ஏற்கெனவே எமிஸ் வேலையால் ஆசிரியர்கள் எவ்வளவு சலித்துப்போயிருக்கிறார்கள் என்பதை அறிவேன். பயன் குறைந்த பதிவுகளில் சிலவற்றை நீக்கிவிட்டு இதைச் சேருங்கள். சிறப்புப் பள்ளிகளையும் தெரபி மையங்களையும் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி இத்தகைய நிறுவனங்கள் பதிவுபெற்றே இயங்க வேண்டும் என்பதால், அந்தப் பதிவையும் அரசு மானியத்தையும் இந்த விதியோடு இணைத்துவிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக அரசே திறந்துள்ள விழுதுகள் சேவை மையங்களில் முதலில் நடைமுறைப்படுத்தினால் தனியார் மையங்களுக்கு அது முன்மாதிரியாகும். பயிற்சிக்கு முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட்டின் உதவியை நாடலாம். ஆனால் அந்தப் பயிற்சி, எப்படிப் பிடிப்பது என்பதில் ஒரு மணி நேரம் செலவிட்டால், எப்படிப் பிடிக்காமல் இருப்பது என்பதில் பத்து மணி நேரம் செலவிட வேண்டும். விதியை வரையும் குழுவில் பெற்றோரும் சிறப்புப் பயிற்றுநர்களும், ஆட்டிசத்தோடு வளர்ந்து தாங்களே பேசவோ எழுதவோ வல்ல இளைஞர்களும் இடம்பெற வேண்டும். கட்டப்பட்டிருந்தது எப்படி இருந்தது என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும்.

விதி வரக் காலம் ஆகும் என்பது புரிகிறது. ஒன்றை மட்டும் அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன்பே ஒரு பக்கச் சுற்றறிக்கையால் செய்துவிடலாம்: சேர்க்கைப் படிவங்களில் பெற்றோரிடம் முன்கூட்டியே பெறப்படும் பொதுவான சம்மதம், எந்தப் பிள்ளையையும் கட்டுவதற்கோ அடைப்பதற்கோ செல்லாது என்று அறிவியுங்கள். அந்த வரியை எல்லாப் பள்ளிகளும் மையங்களும் தங்கள் படிவங்களில் இருந்து நீக்கிவிட்டதாக முதன்மைக் கல்வி அலுவலர்களும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்களும் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும். படிவத்தோடு, குழந்தைகளுக்கான 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகிய உதவி எண்களும் பெற்றோர் கையில் கொடுக்கப்படட்டும். உங்கள் பதிலை, நானும் என்னோடு வராந்தாக்களில் காத்திருந்த தாய்மார்களும் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள மகனின் தாய்,
மதுரை மாவட்டம்